தவறிப்போகும் அந்த ஓர் எழுத்து

1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு கணினிக்கு ஸ்பெல்லிங் தேர்வு வைத்தார்கள். பால் ஹன்னா என்ற கல்வியியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 17,000-க்கும் மேற்பட்ட ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொண்டார்கள். எந்தச் சொல்லையும் கணினி மனப்பாடம் செய்யவில்லை. இந்த ஒலி சொல்லின் தொடக்கத்தில் வந்தால் இன்ன எழுத்து, கடைசியில் வந்தால் இன்ன எழுத்து என்று விதிகளை மட்டும் கொடுத்தார்கள். அந்த விதிகளை வைத்துக்கொண்டு, ஒலியிலிருந்து எழுத்தைக் கணினி தானே கண்டுபிடிக்க வேண்டும். 1966-இல் முடிவு வெளியானது. ஏறக்குறைய பாதிச் சொற்களைத்தான் அது சரியாக எழுதியிருந்தது. டிக்டேஷனில் பத்துக்கு ஐந்து!

அந்த மதிப்பெண்ணைவிடச் சுவையான இன்னொரு கணக்கும் அந்த ஆய்வில் உண்டு. மீதிச் சொற்களிலும் பெரும்பாலானவற்றில், மொத்தத்தில் சுமார் 37 சதவீதச் சொற்களில், கணினி செய்தது ஒரே ஒரு தவறுதான். சொல் முழுவதும் சரியாக வந்து, ஓரிடத்தில் மட்டும் சறுக்கியிருந்தது.

பத்துக்கு ஐந்து வாங்கிவரும் பிள்ளையின் டிக்டேஷன் நோட்டை இந்தக் கண்ணோடு புரட்டிப் பார்க்க வேண்டும். சிவப்பு மையில் அடிக்கப்பட்ட ஐந்து சொற்களிலும் என்ன நடந்திருக்கிறது? ‘டுமாரோ’வில் இரண்டாவது ‘ஆர்’ விட்டுப்போயிருக்கும். ‘செப்பரேட்’டின் நடுவில் ‘ஏ’வுக்குப் பதில் ‘இ’ உட்கார்ந்திருக்கும். ‘நெசசரி’க்கு இரண்டு ‘சி’ போட்டு, ஒரு ‘எஸ்’ஸோடு நிறுத்தியிருக்கும். அந்தச் சொற்கள் பிள்ளைக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஏழெட்டு எழுத்துகளில் பெரும்பாலானவை கைக்கு வந்துவிட்டன, ஒன்றிரண்டு வரவில்லை. பெரியவர்களின் பிழையும் ஏறக்குறைய இதே மாதிரிதான். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபிரெட்ரிக் டேமராவ், கணினிக்கு உள்ளிடப்பட்ட சொற்களின் பிழைகளை ஆராய்ந்து 1964-இல் எழுதினார். பத்தில் எட்டுப் பிழைகள் நான்கே வகையில் அடங்கிவிட்டன: ஓர் எழுத்து கூடியது, ஓர் எழுத்து குறைந்தது, ஓர் எழுத்து மாறியது, பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இடம் மாறியது. இன்று செல்பேசி நம் எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துகிறதே, அதற்கு அடித்தளமாக இருப்பவற்றில் அந்தக் கண்டுபிடிப்பும் ஒன்று.

சறுக்கும் இடங்களுக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. போர்வீரனைக் குறிக்கும் ‘நைட்’ என்ற சொல்லின் முதலில் வரும் ‘கே’யை ஒரு காலத்தில் ஆங்கிலேயர்கள் உச்சரித்தார்கள். நடுவில் இருக்கும் ‘ஜி ஹெச்’சுக்கும் ஒலி இருந்தது. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அச்சேறிய எழுத்து மெல்ல மெல்ல உறைந்துபோக, நாக்கு மட்டும் மாறிக்கொண்டே போனது. கடனைக் குறிக்கும் ‘டெட்’டில் உள்ள ‘பி’ இன்னொரு கதை. லத்தீன் மூலத்தை நினைவுபடுத்துவதற்காகப் படித்தவர்கள் பின்னால் சொருகிய எழுத்து அது. தீவைக் குறிக்கும் ‘ஐலேண்ட்’டின் ‘எஸ்’, வேறொரு சொல்லோடு உறவு இருப்பதாகத் தவறாக நினைத்துச் சேர்த்தது. இதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கண்களை விரித்துக் கேட்பார்கள். கதை கேட்ட எழுத்து அவ்வளவு எளிதில் மறக்காது.

ஆனால் வீட்டில் நடப்பது என்ன? இரவு எட்டு மணிக்கு அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டே அம்மா சொல்ல, பிள்ளை எழுதும். தப்பாகும் சொல்லைப் பத்துத் தடவை இம்போசிஷன் எழுதச் சொல்வார்கள். பிள்ளை முதல் தடவை பார்த்து எழுதுகிறது. இரண்டாம் தடவை மேல்வரியைப் பார்த்து எழுதுகிறது. ஐந்தாம் தடவைக்குள் கை மட்டும்தான் ஓடும், மனம் எங்கோ போய்விடும். வரிசையாக எல்லா ‘என்’னையும் முதலில் எழுதி, அப்புறம் எல்லா ‘இ’யையும் எழுதி முடிக்கும் பிள்ளைகளும் உண்டு. நினைவிலிருந்து எடுத்து எழுதும் வேலை அங்கே ஒரு தடவைகூட நடப்பதில்லை. தாமஸ் ஹார்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1947-இல் காட்டியது இதற்கு நேர் எதிரானது: சொல்லைக் கேட்டு எழுதிப்பார்த்து, உடனே தன் தவறைத் தானே திருத்துவதுதான் ஸ்பெல்லிங் கற்பதில் தனிப்பெரும் பங்கு வகிக்கிறது.

கேட்க ஒரு குரல், உடனே ஒரு திருத்தம். இந்த இரண்டையும் சலிக்காமல் தருவதற்குத்தான் வீட்டுக்கு ஓர் இயந்திரம் தேவைப்படுகிறது. அப்படி ஒன்றை முதன்முதலில் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுசேர்த்த கதை நம் நாட்டையும் தொட்டுச் செல்கிறது.

அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் 1976-இல் பால் பிரீட்லவ் என்ற பொறியாளர், பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுக்கும் பேசும் பொம்மை ஒன்றைச் செய்யலாம் என்றார். தொடக்க முயற்சிக்கு ஒதுக்கிய பணம் வெறும் 25,000 டாலர். அதுவரை வந்த பேசும் பொம்மைகள் முதுகில் உள்ள கயிற்றை இழுத்தால் உள்ளேயிருக்கும் சின்ன இசைத்தட்டு சுழன்று பேசும் வகையைச் சேர்ந்தவை. நினைத்த சொல்லை நினைத்த நேரத்தில் சொல்ல அவற்றால் முடியாது. மனிதக் குரலை அப்படியே பதிந்து சில்லில் அடைக்கலாம் என்றால், அன்றைய நினைவகங்களின் கொள்ளளவு அதற்குப் போதவில்லை.

வழி வேறொரு இடத்தில் கிடைத்தது. கான்பூரில் 1933-இல் பிறந்து, லக்னோவிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் படித்து, 1961-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக்குப் போன பிஷ்ணு அடல், பேச்சொலியைச் சுருக்கும் முறை ஒன்றை உருவாக்கியிருந்தார். ஏறக்குறைய அதே காலத்தில் ஜப்பானில் ஃபுமிதாதா இடாகுராவும் தனியாக அதே திசையில் வந்து சேர்ந்திருந்தார். பேச்சின் அடுத்த கணம் எப்படி இருக்கும் என்பதை அதற்கு முந்தைய கணங்களை வைத்தே பெரும்பாலும் கணித்துவிடலாம் என்பதுதான் அதன் சாரம். அப்படியானால் முழு ஒலியையும் சேமிக்கத் தேவையில்லை. தொண்டையும் வாயும் எந்த வடிவில் இருந்தன என்பதைச் சொல்லும் சில எண்களைச் சேமித்தால் போதும், சில்லு குரலைத் திரும்பக் கட்டியெழுப்பிக்கொள்ளும். ரிச்சர்ட் விக்கின்ஸ், லாரி பிரான்டிங்ஹாம், ஜீன் ஃபிரான்ட்ஸ் ஆகியோரும் சேர்ந்த சிறு குழு இந்த முறையை ஒற்றைச் சில்லுக்குள் அடக்கியது. 1978 ஜூனில் ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ வெளிவந்தது. ஆரஞ்சு நிறப் பெட்டி, தூக்கிக்கொண்டு போகக் கைப்பிடி, ஏ-பி-சி வரிசையில் பொத்தான்கள், எட்டு எழுத்துகள் தெரியும் சின்னத் திரை. விலை சுமார் 50 டாலர். 1982-இல் வந்த ‘இ.டி.’ படத்தில் வேற்றுக்கிரகக் குட்டி தன் வீட்டாரைக் கூப்பிடுவதற்குப் பிரித்துப்போட்டு இணைத்த கருவிகளில் இதுவும் ஒன்று.

அந்தப் பெட்டி நடந்துகொண்ட விதத்தை இன்றைய செயலிகளோடு ஒப்பிட்டால், இன்றைக்குப் பல செயலிகள் மறந்துவிட்ட நல்ல குணங்கள் அதில் தெரிகின்றன. சொல்லைத் திரையில் காட்டாது, காதுக்கு மட்டும் சொல்லும். பிள்ளை ஒவ்வோர் எழுத்தாக அழுத்த வேண்டும். தவறினால் இன்னொரு வாய்ப்பு தரும். இரண்டாம் முறையும் தவறினால்தான் சரியான எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லும். பத்துச் சொல் முடிந்ததும் எத்தனை சரி என்று அறிவிக்கும். பலூன் வெடிக்காது, காசு கொட்டாது. கேட்டல், நினைவிலிருந்து எடுத்தல், சரிபார்த்தல் என்று மூன்றே வேலைகள்.

அந்தப் பெட்டியால் முடியாத ஒன்று இருந்தது. பிள்ளையின் சொந்தத் தவறுகளை அது நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அதற்குள் இருந்த சொற்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றே. இன்று ஒரு பைசா செலவில்லாமல் அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

எப்போது மறுபடி கேட்க வேண்டும் என்ற கேள்விக்கு ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் ஓர் அட்டைப்பெட்டியைப் பதிலாகத் தந்தார். பெட்டிக்குள் ஐந்து அறைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு கேள்வி. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்கு நகரும், மறுபடி பார்க்கப் பல நாள் ஆகும். தவறினால் முதல் அறைக்கே திரும்பிவிடும், மறுநாளே எதிரில் வந்து நிற்கும். தெரிந்ததில் நேரம் போகாது, தெரியாதது தப்பிக்காது. ஆஸ்திரேலியரான டேமியன் எல்ம்ஸ் 2006-இல் வெளியிட்ட ‘அன்கி’ என்ற மென்பொருள் இதே வேலையைக் கணக்குப் போட்டுச் செய்கிறது. அன்கி என்றால் ஜப்பானிய மொழியில் மனப்பாடம். கணினியிலும் ஆண்ட்ராய்டு செல்பேசியிலும் இலவசம், ஐஃபோனுக்கு மட்டும் விலை உண்டு. மருத்துவ மாணவர்கள் எலும்புகளின் பெயர்களுக்குப் பயன்படுத்தும் இதை, நான்காம் வகுப்புப் பிள்ளையின் டிக்டேஷனுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அட்டையின் முன்பக்கம் சொல்லை மென்பொருளே வாசிக்கும்படியோ, அம்மா அப்பாவின் குரலில் பதிந்தோ வைக்கலாம். பிள்ளை தட்டச்சு செய்யும் விடையை அது எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, சரியானதைப் பச்சையிலும் தவறானதைச் சிவப்பிலும் காட்டும். ‘நெசசரி’ முழுவதும் பச்சையாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் சிவப்பு. சொல் முழுக்க அடித்துக் காட்டும் சிவப்பு மைப் பேனாவைவிட இது பிள்ளைக்குச் செய்யும் நியாயம் பெரிது.

பட்டியலில் என்ன சொற்களைப் போடுவது? கடையில் வாங்கிய ‘ஆயிரம் கடினச் சொற்கள்’ வேண்டாம். பிள்ளையின் நோட்டுகளைப் புரட்டி, இந்த மாதம் உண்மையில் தவறிய இருபது சொற்களைப் போட்டால் போதும். வாரம் ஐந்தாறு புதிதாகச் சேரும், பழையவை கழியும்.

உதவுவதாக நினைத்துக் கெடுக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. முதலாவது, நம் செல்பேசியில் உள்ள தானியங்கித் திருத்தம். பிள்ளை நாலு எழுத்து தட்டுவதற்குள் முழுச் சொல்லும் மேலே வந்து நிற்கிறது. பயிற்சி நேரத்தில் இதையும் பரிந்துரைப் பட்டையையும் அணைத்துவிட வேண்டும். அடுத்தது, நான்கு எழுத்துக்கூட்டல்களைக் காட்டி எது சரி என்று கேட்கும் விளையாட்டுகள். இவற்றில் ஒரு சரியான வடிவத்தோடு மூன்று தவறான வடிவங்களையும் பிள்ளை பார்க்கிறது. தவறான எழுத்துக்கூட்டலை வாசிப்பதே நம் எழுத்தைக் கெடுக்கும் என்பதை கனடாவின் லாரி ஜகோபியும் ஆன் ஹாலிங்ஸ்ஹெட்டும் 1990-இல் சோதனையில் காட்டினார்கள். கட்டுக் கட்டாக விடைத்தாள் திருத்திவிட்டு, நன்றாகத் தெரிந்த சொல்லில் ஒரு கணம் தடுமாறி நிற்கும் ஆசிரியர்களுக்கு இதைச் சோதனை போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

மென்பொருளின் மொழி அமைப்பையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நோவா வெப்ஸ்டர் 1828-இல் வெளியிட்ட அகராதி வழியே நிலைபெற்ற அமெரிக்க முறையில் ‘கலர்’ என்ற சொல்லுக்கு ‘யு’ கிடையாது. நம் பள்ளிப் புத்தகத்தில் உண்டு. அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கும் மென்பொருள், சரியாக எழுதிய பிள்ளைக்குத் தவறு போட்டுவிடும். அமைப்பில் பிரிட்டன் அல்லது இந்திய ஆங்கிலத்தைத் தேர்ந்துகொண்டால் இந்த வம்பு இல்லை.

தட்டச்சா, கையெழுத்தா? அமெரிக்காவில் ஆன் கன்னிங்ஹாமும் கீத் ஸ்டானோவிச்சும் 1990-இல் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். கையால் எழுதிப் பழகிய சொற்கள், கணினியில் தட்டிப் பழகியவற்றைவிட நன்றாக நினைவில் நின்றன. இரண்டே ஆண்டுகளில் ஷாரன் வானும் அவருடைய குழுவினரும் அதே கேள்வியை மறுபடி சோதித்தபோது அந்த வேறுபாடு தென்படவில்லை. எனவே தட்டச்சு கெடுதல் என்று யாரும் பயமுறுத்த வேண்டியதில்லை. ஆனால் நம் பிள்ளை பரீட்சை எழுதப்போவது பேனாவில். இயந்திரம் சொல்ல, பிள்ளை நோட்டில் எழுதி, பிறகு அதையே தட்டிச் சரிபார்த்துக்கொண்டால் இரண்டு பயனும் கிடைக்கும். தட்டும் இடத்தில் விசை தவறிய பிழை எது, உண்மையான பிழை எது என்பதும் நோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதுவரை பேசியது ஆங்கிலம். தமிழ் எழுதும்போது மட்டும் பிள்ளைகள் சறுக்காமல் இருக்கிறார்களா? ல, ள, ழ. ர, ற. ந, ன, ண. இந்த எட்டு எழுத்துகளுக்குள்தான் தமிழ் டிக்டேஷனின் பாதிக் கண்ணீர் அடங்கியிருக்கிறது. இங்கும் ஸ்டான்ஃபோர்ட் கணினியின் பாடம் அப்படியே பொருந்துகிறது. விதியால் தீர்பவை ஒரு பக்கம்: ட-வுக்கு முன் ண், ற-வுக்கு முன் ன், த-வுக்கு முன் ந். வண்டு, கன்று, பந்து. சொல்லின் முதலில் ண-வும் ன-வும் வருவதில்லை. ர் இரட்டிக்காது, அதனால் காற்றும் நேற்றும் குழப்பம் தராது. இந்த நாலைந்து விதிகளை ஒரு மாலையில் சொல்லிக்கொடுத்துவிடலாம், இவற்றுக்குப் பயிற்சி மென்பொருளே தேவையில்லை. விதியால் தீராமல் நினைவை மட்டும் நம்பி நிற்பவை இன்னொரு பக்கம்: வலி, வளி, வழி, அரை, அறை, பனி, பணி, வெல்லம், வெள்ளம். அட்டைப் பட்டியலில் ஏற வேண்டியவை இவை.

தமிழ் வாசிக்கும் குரல்கள் இன்று ஆண்ட்ராய்டு செல்பேசியிலேயே இருக்கின்றன. மைக்ரோசாஃப்டின் தமிழ்க் குரல்களில் இரண்டுக்கு வள்ளுவர், பல்லவி என்று பெயர். ஆனால் அரையையும் அறையையும் பெரும்பாலான தமிழர்கள் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறோம், இயந்திரக் குரலும் நம்மைப் போலவே பேசும். ஆகவே தனிச் சொல்லைச் சொல்லி எழுதச் சொல்வது பிள்ளைக்கு அநியாயம். ‘அறையில் விளக்கு எரிகிறது’ என்று முழு வாக்கியமாகவே பதிய வேண்டும். ழகரம் திருத்தமாக வரும் தாத்தாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால் இயந்திரக் குரலே வேண்டாம், அவர்கள் குரலையே பதிந்துகொள்ளலாம். இருபது வாக்கியம் பதிய அரைமணி நேரம் ஆகும்.

தமிழ்த் தட்டச்சில் பெற்றோர் கவனிக்காத ஒரு பள்ளம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ‘வலி’ என்று தட்டினால் செல்பேசி வலி, வளி, வழி மூன்றையும் வரிசையாக நீட்டும். பிள்ளை முதலில் இருப்பதைத் தொட்டுவிடும். எந்த எழுத்து என்று யோசிக்க வேண்டிய அந்த ஒரே இடத்தில் யோசிப்பது இயந்திரம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கும் வரும்படி அமைந்திருக்கின்றன. ல-வுக்கு ஒரு விசை, ள-வுக்கு ஒரு விசை, ழ-வுக்கு ஒரு விசை. எது என்று விரல் முடிவெடுத்தே தீர வேண்டும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியில் இந்த விசைப்பலகை கிடைக்கிறது. கட்டுரை எழுதி முடித்த பெரிய வகுப்புப் பிள்ளைகள், நீச்சல்காரன் என்பவர் இணையத்தில் தந்திருக்கும் ‘வாணி’ பிழைதிருத்தியில் அதை ஒட்டிப் பார்க்கலாம். எழுதி முடித்த பிறகு, எழுதும்போது அல்ல.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல மாதம் முறையாகப் பழகியும் அதே சொற்கள் திரும்பத் திரும்பத் தவறினால், வாசிப்பதிலும் பிள்ளை மிகவும் திணறினால், அது சோம்பேறித்தனம் அல்ல. டிஸ்லெக்ஸியா என்னும் கற்றல் குறைபாடாக இருக்கக்கூடும். எந்த மென்பொருளும் அதைக் கண்டறிந்து சொல்லாது. பயிற்சி பெற்ற வல்லுநரிடம் காட்ட வேண்டும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் பல ஆண்டுகளாக இந்தப் பிள்ளைகளுக்காகவே இயங்குகிறது. அவாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு வாசிப்புச் செயலியையும் அது தந்திருக்கிறது. வல்லுநரிடம் காட்டும்வரை அந்தப் பிள்ளையின் முதுகில் இன்னொரு இம்போசிஷனை ஏற்றாமல் இருப்பது வீட்டில் உள்ளவர்கள் உடனே செய்யக்கூடிய உதவி.

மற்றபடி, இந்தப் பயிற்சிக்கு நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒருமணி நேரம் உட்கார்த்தி வைப்பதைவிடத் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் மேல். நாட்கணக்கில் இடைவெளிவிட்டுப் படித்தால் நினைவு நிற்கும் என்பதை ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-லேயே தன்னைத்தானே சோதித்து எழுதிவைத்துவிட்டார்.

பிள்ளைக்கு எட்டு ஒன்பது வயதாகியிருந்தால் இன்னும் ஒரு படி போகலாம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2007-இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட ‘ஸ்கிராட்ச்’ என்ற இலவச நிரலாக்க மென்பொருளில், வண்ணத் துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினாலே நிரல் தயார். சொல்லை வாசிக்க ஒரு துண்டு, விடையைக் கேட்க ஒரு துண்டு, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு. ஒன்றிரண்டு மாலைகளில் பிள்ளையே தன் தம்பிக்கோ தங்கைக்கோ ஒரு டிக்டேஷன் வாத்தியாரைச் செய்துவிடலாம். அந்த வாத்தியாருக்கு, செய்தவர் கொடுத்த எழுத்துகளைத் தவிர வேறொன்றும் தெரியாது. தவறாகக் கொடுத்துவிட்டால் சரியாக எழுதும் தம்பிக்குத் தவறு என்று சொல்லும். ஆகவே ‘நெசசரி’யைப் பட்டியலில் ஏற்றுவதற்கு முன், எத்தனை ‘சி’, எத்தனை ‘எஸ்’ என்று பார்க்க அந்தப் பிள்ளை தானாகவே எழுந்துபோய் அகராதியை எடுத்துவரும்.